கடைசியாக இறங்கியவள்

சாயங்காலப் பாசஞ்சர் ராமேஸ்வரத்தில் வந்து நின்று, கூட்டமெல்லாம் இறங்கியாயிற்று. கடைசிப் பெட்டியிலிருந்து வாசலைப் பார்த்து நடந்த ருக்ஸானா, மூன்றாவது பெட்டி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். பிரயோஜனமில்லை. கண் தானாகவே ஜன்னலுக்குப் போனது.

அதே சீட். பச்சைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஓர் உருவம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

நாகநாதன் அண்ணன் அப்படித்தான் தூங்குவார். அவர் செத்து நாற்பது நாளாகிறது!

“பாக்காம வாங்கக்கா,” என்றான் கூட வந்த வேல்ராஜ். “நானும் ஒரு வாரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வெளிய சொன்னா, தண்ணியப் போட்டுட்டு வந்தியாலேன்னு கேப்பாய்ங்க.”

சொன்னவன் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வாசலைத் தாண்டிவிட்டான்.

தினமும் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் சீசன் டிக்கெட் கூட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தண்டவாளம் இங்கே முடிந்துவிடுகிறது. ஆள் இறங்கியதும் காலி வண்டி யார்டுக்குப் போய்விடும். அதனால் பெட்டியிலிருந்து கடைசியாக இறங்குகிறவர், தூங்குகிறவரை எழுப்பிவிட்டுத்தான் இறங்க வேண்டும். “எந்திரிங்கண்ணே, இதுக்கு மேல போனா கடலுதான்!” என்று தோளைத் தட்டினால், நாகநாதன் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

அன்றைக்குக் கடைசியாக இறங்கியவள் ருக்ஸானா. எழுப்பவில்லை.

அரை மணி கழித்துப் பெட்டியைக் கூட்ட வந்த பெண்கள்தான் பார்த்தார்கள். மாரடைப்பு. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். விசாரித்தவர்களிடம் ருக்ஸானா, “நான் எறங்கும்போது பெட்டில ஒருத்தரும் இல்ல” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து துவாவுக்குக் கையேந்தினால், அந்தப் பொய்தான் முதலில் கைக்குள் வந்து உட்கார்ந்தது.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்தது. இன்றைக்கும் விட்டுவிட்டுப் போனால் ஆயுசுக்கும் இது விடாது. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியில் ஏறினாள்.

உள்ளே விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். துண்டின் நுனி லேசாக ஆடியது. கடல் காற்றா? மூச்சா?

தோளைத் தொட்டாள்.

சூடாக இருந்தது!

துண்டு விலகியது. பெண் முகம். நெற்றியில் பொட்டில்லை.

“பதினோரு நாளா வாரேன்,” என்றாள் அந்தப் பெண். “அவரு துண்டப் போட்டுக்கிட்டு, அவரு எடத்துல. எங்க செட்டு ஆளுக என்னைய விட்டுட்டு எறங்க மாட்டாகன்னு பெருமையடிப்பாரு. எல்லாரும் எட்டிப் பாத்துட்டு ஓடத்தானே செய்யுறீக?”

முருகலட்சுமி. நாகநாதன் டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்லும் பெயர். அவர் மனைவி.

“நீங்கதான ருக்ஸானா? அன்னைக்குக் கடைசியா எறங்குனது நீங்கதான்னு சொன்னாக. நெசமாவே பெட்டி காலியாவா இருந்துச்சு?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது.

“இல்லைங்க,” என்றாள் ருக்ஸானா. “இருந்தாக. ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். கதவுகிட்ட நின்னு அண்ணேன்னு கூப்பிட்டேன். கையத் தூக்குனாக. நீ போ, நான் வாரேன்னு சொல்றாக போலன்னு எறங்கிப் போயிட்டேன்.”

முருகலட்சுமி அழவில்லை, ஏசவுமில்லை. வலது கையை மெல்ல உயர்த்தினாள்.

“இம்புட்டா?”

ருக்ஸானா அந்தக் கையைப் பிடித்து இன்னும் ஒரு சாண் மேலே தூக்கி நிறுத்தினாள்.

“அப்ப, உங்களக் கூப்பிட்டிருக்காரு,” என்றாள் முருகலட்சுமி.

ருக்ஸானா தன் கையை எடுத்த பிறகும், அந்தக் கை கீழே இறங்கவில்லை.