அமாவாசையில் ஓடிய தறி

எங்கள் இளம்பிள்ளையில் அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டோம். அதனால்தான் நான் அமாவாசைக்காகக் காத்திருந்தேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை. என் மனைவி பிரவீனா மனுப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். கீபோர்டில் மூன்று நிமிடம் வாசித்து, பதிவு செய்து, அமாவாசை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் அணிவகுத்து நடக்க வாசிப்பதாம், தாளம் பிசகக் கூடாது என்று தனியாக எழுதியிருந்தார்கள்.

நாலு நாள் முன்பே முடித்திருக்கலாம். பக்கத்து அறையில் விசைத்தறி ஓடும்போது பதிவு செய்ய முடியுமா, அமைதி வேண்டும் என்று தடுத்தவன் நான். கந்தவேலாகிய நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் தெருவுக்கு நான்தான் மேதாவி. வேறு யாரும் அந்தப் பதவிக்குப் போட்டியிடவில்லை.

அமாவாசையன்று காக்காய்க்குச் சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். ஃபேனை நிறுத்தினேன். வாசலில் கிடந்த நாயைத் துரத்தினேன். பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி பெரியம்மாவிடம் மிக்ஸி போட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் கீபோர்டின் ஹெட்போன் துளையில் ஒயரைச் சொருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டில் மாட்டினேன். கீபோர்டு ஊமையாகிவிட்டது. அங்கே ஒயர் மாட்டினால் அதன் ஸ்பீக்கர் நின்றுவிடும், சத்தம் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அறையில் இடியே விழுந்தாலும் பதிவில் ஏறாது. இந்த ஞானம் எனக்கு அப்போதுதான் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிரவீனா கம்ப்யூட்டரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். எனக்குக் கட்டைகள் அமுங்கும் டொக் டொக் மட்டும் கேட்டது. மூன்று நிமிடப் பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடிந்தது. மறுபடி வாசித்தாள், இரண்டு இருபது. அடுத்தது நடுவில் ஓடி, கடைசியில் நொண்டியது. தாளம் பிடிக்கக் கம்ப்யூட்டரிலேயே டிக் டிக் என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டதும் அவள் கை சுத்தமாக நின்றுவிட்டது. மணி நாலு தாண்டியது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"தறி ஓடுறப்ப மட்டுந்தானுங்க நான் வாசிச்சுப் பழக்கம். ஒம்பது வருசமா அந்தச் சத்தத்த வெச்சுத்தான் என்ற கை போயிட்டிருக்குது."

ஏன் அப்படி என்று கேட்டேன். அமைதியாக இருக்கும்போது வாசித்தால் அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடுமாம். கூச்சமாம்.

எங்கள் அப்பா காய்ச்சலோடு தறி ஓட்டியவர். அமாவாசையன்று மட்டும் அந்தத் தறி அறைக்குள் கால் வைத்ததில்லை. நான் போய்த் தறியின் ஸ்விட்சைப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது.

ஒரு நிமிடம் ஆகவில்லை, தெய்வநாயகி பெரியம்மா வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு.

"ஏஞ்சாமி, உனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? இன்னிக்குப் போயி தறிய ஓட்டற?"

அதற்கு மேல் அவர் பேசியதை எழுத முடியாது. விளக்கம் சொன்னாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிரவீனா உள்ளேயிருந்து கை காட்டும் வரை தலையைக் குனிந்து திட்டு வாங்கினேன்.

தறியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சரியாக மூன்று நிமிடம், ஒரு விநாடி கூடக் குறைய இல்லை. கேட்டுப் பாருங்கள் என்று ஹெட்போனை நீட்டினாள். மாட்டினேன்.

தறிச் சத்தம் துளியும் இல்லை. அவள் வாசிப்பு மட்டும். ஒன்பது வருடமாக ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவள் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏதோ கட்டையைத் தட்டிப் பொழுது போக்குகிறாள் என்று நினைத்திருந்தேன். இப்படி வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க, அனுப்பீரலாமுங்களா?" என்றாள். மணி நாலே முக்கால்.

"அனுப்பலாம். இன்னொருக்கா கேட்டுக்கறேன்" என்றேன்.

நாலு தடவை கேட்டுவிட்டு அனுப்பும்போது ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.