பாலம் தாண்டாத தண்ணீர்

அந்த ஆற்றுத் தண்ணீர் பாலத்தைத் தாண்டி வர மறுத்தது. ஆய்வுக்காரப் பெண் கரையில் பாட்டில்களை நிரப்பி, மூடியை இறுக்கி, சீட்டு ஒட்டி வண்டியில் ஏற்றுவாள். வண்டி பாலத்தின் மறுமுனையைத் தொட்டதும் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருக்கும். முதல் வருடம் மூடியைக் குறை சொன்னார்கள். அடுத்த வருடம் ஓட்டுநரை மாற்றினார்கள். அதற்கும் அடுத்த வருடம், இன்னொரு முறை வெறும் பாட்டிலோடு வந்தால் ஆய்வையே மூடிவிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

கரையில் இருந்தவர்கள் ஆற்றுக்கும் மூத்த குடிகள். ஆறு வந்து சேர்ந்தபோது இடம் ஒதுக்கிக் கொடுத்ததே தங்கள் ஆட்கள்தான் என்று, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார்கள். கொஞ்ச காலமாக அவர்களுடைய மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. ஆய்வுக்காரியோ ஆற்றுப் புழுக்களை வகைபிரிக்க வந்திருந்தாள். எல்லா அலுவலகங்களிலும் அனுமதி வாங்கியிருந்தாள். கரையில் மட்டும் யாரையும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

தலையில் கைவைத்து உட்கார்ந்தவளைப் பார்த்து, அவளைத் தினமும் ஏற்றிச் சென்ற படகுக்காரி வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போறே. எங்கே, எதுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"தப்புதான் அக்கா. எதைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"புழு கெடக்கட்டும். மீன் ஏன் சாவுது? புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, கூடாதா? கண்டுபிடிச்சா எங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்."

புழு ஆராய்ச்சி அன்றே மூட்டை கட்டப்பட்டது. நுண்ணோக்கி படகுக்காரியின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் குடியேறியது. எங்கே தண்ணீர் எடுப்பது என்று கரைக்காரர்கள் முடிவு செய்தார்கள். எப்படிச் சோதிப்பது என்று அவள். எதை வெளியே சொல்வது என்று எல்லோரும் கூடி, மல்லுக்கட்டி. மீன் முட்டையிடும் மடுவை வரைபடத்தில் காட்டக் கூடாது என்றார்கள். அவள் காட்டவில்லை. அடுத்த முறை படகுக்காரியும் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பாலம் வந்தது, போனது. தண்ணீர் அப்படியே இருந்தது. ஆய்வுக்காரி விம்மி விம்மி அழுதாள்.

"தண்ணி வந்துடுச்சு, நீ வேற எதுக்கு ஊத்துறே?" என்றாள் படகுக்காரி.

ஆற்றின் மேல்பக்கம் இருந்த சாயப்பட்டறையின் கழிவுதான் காரணம் என்று தெரிந்தது. அதன் கழிவுக் குழாயை அடைக்க வருடங்கள் ஆயின, ஆனால் அடைத்தார்கள். மீன் திரும்பியது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆய்வறிக்கையில் கரைக்காரர்களின் பெயர்களுக்குப் பின்னால் தன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துவிடும். நரைத்த பிறகும் அந்த நன்றி குறையவில்லை.

மிச்சமிருந்த ஒரு பாட்டில் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் மூடியை மீறி வழியும். கூட்டிப் பெருக்குகிறவர் முணுமுணுத்துக்கொண்டே அடியில் வாளி வைப்பார். வாளி நிரம்பியதும் படகுக்காரிக்குப் போன் போட்டு, எங்கே ஊற்றட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார்.