பச்சைத்தொப்பி தின்ற சமையல்காரன்

விடுதிச் சமையல்காரன் செத்த பிறகும் வீம்புக்காக ஆறு வருஷமும் பதினோரு நாளும் நடமாடிக்கொண்டிருந்தான். யார்மேல் அந்த வீம்பு என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அவன் மனைவியின் அக்கா மேல்தான்.

அந்த அக்காவுக்கு நகராட்சி அலுவலகத்தின் பின்பக்க அறையில் வேலை. மழை விட்டதும் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகும். பறித்த காளானைச் சமைக்கும் முன் அவளிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு மேஜை, ஒரு விளக்கு, கைப்பிடி தேய்ந்த ஒரு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி. ஒவ்வொரு காளானையும் கவிழ்த்து அடிமடிப்பின் நிறம் பார்ப்பாள், தண்டில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். "அடியோட தோண்டி எடுத்துட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுவாள். பச்சைத்தொப்பி என்கிற கொடிய காளானுக்கு மண்ணுக்குள் உடைந்த முட்டை ஓடு போல ஒரு கிண்ணம் இருக்கும். ஜனங்கள் தண்டை மட்டும் நறுக்கிக்கொண்டு, அடையாளத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சந்தேகம் என்றால் அவள் வாயில் ஒரே சொல்தான்: கூடாது. பத்தொன்பது வருஷம் இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குக் கூடாதம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரிசையில் நிற்கிறவர்கள் அதை அவள் காதுபடவே சொல்வார்கள். காலையெல்லாம் சேற்றில் அலைந்து பறித்ததைக் கண் முன்னால் குப்பைத்தொட்டியில் கொட்டுகிற ஒருத்தியை யாருக்குத்தான் பிடிக்கும்?

சமையல்காரனுக்கு அதற்கும் மேலே ஒரு கணக்கு இருந்தது. தங்கையைப் பெண் கேட்டு அவன் வந்தபோதும் அவள் அதே சொல்லைத்தான் சொன்னாள். கல்யாணம் நடந்துவிட்டது, ஆனால் அந்தச் சொல்லை யாரோ சிரத்தையாக அவன் காதில் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை, விடுதி விருந்துக்காக அவனே பறித்துவந்த பெரிய கூடையில் மூன்று பச்சைத்தொப்பிகள் இருப்பதைப் பார்த்து, உடைந்த துண்டு எதில் ஒட்டியிருக்குமோ என்று கூடை முழுவதையும் அவள் தொட்டியில் கவிழ்த்தாள்.

"தங்கச்சியைக் குடுக்கக் கூடாதுன்னீங்க. இப்ப காளானும் கூடாதாக்கா?" என்றான் அவன். வரிசையே சிரித்தது.

"மாப்ளே, இது உங்க மேல இருக்கிற கோபத்துல சொல்றது இல்ல."

"அப்ப கோபம் இருக்குன்னு ஒத்துக்கிறீங்க."

குனிந்து தொட்டியிலிருந்து அந்த மூன்றையும் பொறுக்கிக்கொண்டு விடுதிக்குப் போனான். சமையலறைக் கதவை விரியத் திறந்து வைத்து, வெண்ணெயில் வதக்கி, நாற்பது பேர் பார்க்கத் தின்றான். ருசியாக இருக்கிறது என்றான். அது உண்மை, பச்சைத்தொப்பி ருசியானதுதான். அவள் பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்று கத்தினாள்: "நாளைக்கு வாந்தி எடுக்கும். மறுநாள் தேறின மாதிரி இருக்கும், அதை நம்பாதீங்க. நாலாம் நாள் ஈரல் போயிடும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!" அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாலாம் நாள் உங்க ஆபீஸ்ல வந்து நிக்கிறேன்" என்றான்.

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. நாலாம் நாள் காலை எட்டேகாலுக்கு, மஞ்சள் பூத்த உடம்போடு அவன் இறந்தான். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், போர்வையை முகம் வரை இழுத்துவிட்டார். தங்கை வாய்விட்டு அழ ஆரம்பிக்கும்போது அவன் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து, சட்டை மாட்டி, ஒன்பது மணிக்கு அக்காவின் மேஜை முன்னால் போய் நின்றான். "இருக்கேன்க்கா" என்றான். பேசும்போது வாயிலிருந்து காற்று வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். வேறு யாரும் கவனிக்க விரும்பவில்லை.

அந்த வாரமே அவள் வீட்டு ஜன்னல்கள் உடைந்தன. பத்தொன்பது வருஷமாக நல்ல காளானையெல்லாம் குப்பையில் போட்டவள் என்று ஆகிவிட்டது. வாசலில் அழுகின கூடைகளைக் கொட்டினார்கள். ரொட்டிக்கடையில் அவள் முறை வரும்போது சரக்கு தீர்ந்துபோனது. நகராட்சி அவளை வேலையை விட்டு நீக்கவில்லை; நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டது. அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள், கூடை எதுவும் வரவில்லை. ஊரில் பச்சைத்தொப்பி தின்று முதலில் தையல்காரரும் அவர் மனைவியும் இறந்தார்கள், பிறகு மணியக்காரர், பிறகு இன்னும் ஆறு பேர். எல்லோருக்கும் சமையல்காரன் காரணம் வைத்திருந்தான்: தண்ணீர் அதிகமாகிவிட்டது, தீ போதவில்லை, பழைய பாத்திரம். தன் கையால் சமைத்தால் ஒன்றும் ஆகாது என்றான். அவனே சாட்சியாக எதிரில் நிற்கும்போது என்ன சொல்வது? அவன் உடம்பு சில்லிட்டிருந்தது, மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆனது, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் தினமும் ஒன்பது மணிக்குப் போய் "இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தால் அன்றைய பொழுதுக்கு அது போதுமாக இருந்தது.

ஏழாவது மழைக்கு விடுதியில் புதுக்கூடம் திறந்தார்கள். ஊருக்கே சாப்பாடு, பச்சைத்தொப்பி மட்டும்தான், என் கைச் சமையல் என்று சமையல்காரன் அறிவித்தான். அவள் நகராட்சித் தலைவரைப் பார்த்தாள். அவர் தனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருப்பதாகச் சொன்னார். டாக்டரிடம் போனாள். "நடமாடுறவனைச் செத்துட்டான்னு சொன்னா என்னைத்தாம்மா பைத்தியம்பாங்க" என்றார் அவர்.

விருந்தன்று மத்தியானம், ஆறு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன தங்கை வந்து நின்றாள்.

"நீ தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. அந்த மனுஷன் அதுக்குத்தான் நிக்கிறாரு."

"சொன்னா இருநூறு பேர் சாப்பிடுவாங்கடி."

"சொல்லலேன்னா மட்டும் சாப்பிட மாட்டாங்களா? பனிக்கட்டி பக்கத்துல படுக்கிறது நான். உனக்கென்ன, உன் பேச்சு நிக்கணும் உனக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தினமும் ஒன்பதுக்கு முன் தலையை வாரிக்கொண்டு அவன் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்ததை நினைத்துப் பார்த்தாள். ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. ஒத்துக்கொள்ள ஒரு சொல் போதும் என்று முதல் வருஷமே அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்வதைவிட அவன் எதிரில் நிற்பதே மேல் என்று இருந்துவிட்டாள். இடையில் ஒன்பது பேர்.

புதுக்கூடத்தில் தட்டுகள் பரிமாறியிருந்தன. அவள் உள்ளே நுழைந்ததும் யாரோ "கூடாது!" என்று கத்த, கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. அவள் நேராகச் சமையல்காரனிடம் போனாள்.

"நான் சொன்னது தப்பு, மாப்ளே. காளானும் தப்பில்ல, கல்யாணமும் தப்பில்ல. சாப்பிடலாம்."

"எழுதிக் குடுங்க."

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். அவள் எழுதிய முதல் பொய் அது. அவன் இமைக்காமல் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். தபால்காரர் ஸ்பூனை வாய்வரை கொண்டுபோய்விட்டார். இவன் விழாமல் போனால் இந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் கொன்றவள் நான்தான் என்று நினைத்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து, அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். ஆறு வருஷமாகத் தள்ளிப் போட்டதெல்லாம் அவன் உடம்புக்கு வந்து சேரக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்றம் முன்வரிசையை எட்டியதும் தபால்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள்.

யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. நன்றாக இருந்த மனுஷனைக் காகிதத்தால் கொன்றுவிட்டாள் என்றார்கள். மறுவாரம் கூடைகளை அவள் மேஜையில் டம்மென்று வைத்து, முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலி திரும்பி வரவில்லை.

கல்லறைக்குக் கல் செதுக்குகிறவர் தங்கையிடம் செத்த தேதியாக எதைப் போடுவது என்று கேட்டார். இரண்டையும் போடச் சொன்னாள். பிறந்த தேதிக்கு இடம் போதாது என்றார் அவர். அப்படியானால் அதை விட்டுவிடுங்கள் என்றாள் அவள். வெளியூர்க்காரர்கள் அந்தக் கல்லைப் பார்த்து ஆறு வயதுக் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் பூ வைக்கிறார்கள்; ஒரு அம்மாள் பஞ்சு பொம்மைகூட வைத்துவிட்டுப் போனாள். ஊர்க்காரர்கள் யாரும் திருத்துவதில்லை.