ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

சீனி வருத்தம் வந்தபோது கமலாம்பிகை சீனியை விட்டாள். பிரஷர் வந்தபோது உப்பையும் குறைத்தாள். அடுத்த வீட்டுக் கதையை மட்டும் அவளால் விட முடியவில்லை.

யாருடைய ரகசியமாவது காதில் விழுந்துவிட்டால் அது நாக்கின் அடியில் கிடந்து ஊறும். அதைப் போனில் இறக்கிவைக்கும்போது, மறுமுனையில் ஒரு கணம் மூச்சு நின்று, "ஐயோ, உண்மையாவோ அக்கா?" என்று ஒரு குரல் வருமே, அதற்காக அவள் எத்தனையோ கறியை அடிப்பிடிக்க விட்டிருக்கிறாள். ஒருமுறை அவள் சொன்ன கதையால் அஜின்கோர்ட் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணப் பேச்சே குழம்பிப்போனது. கோயிலுக்குப் போய், இனி வாய் திறப்பதில்லை என்று கற்பூரம் கொளுத்தினாள். திரும்பி வரும் வழியிலேயே, கோயிலில் யார் யாரோடு முகம் கொடுக்காமல் நின்றார்கள் என்று தவமணிக்குப் போன் அடித்துச் சொன்னாள். தவமணி அதே நகரில் மில்லிக்கன் பக்கம் இருக்கிற சிநேகிதி. மொன்றியலில் அவளுக்கு நிறையச் சொந்தக்காரர்.

"உம்மடை வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேணும்" என்பார் கணவர் சிவபாதம். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வார். இப்போது சிரிப்பதில்லை.

வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியோரம் அவர்கள் இருந்த கட்டிடத்துக்கு, அதே மாடிக்கு, பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் நிரோஷினி என்ற பெண் குடிவந்தாள். கூடவே சாம்பவி என்று ஒரு சின்ன மகள். அவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில், விழுந்து முறிந்ததென்று ஒரு கையில் கட்டுப் போட்டபடி, ஈரப் படுக்கைவிரிப்பை மற்றக் கையால் தூக்க முடியாமல் நின்றவளைக் கண்டு கமலாம்பிகை மறுமுனையைப் பிடித்தாள். அப்படித் தொடங்கிய பழக்கம். அன்று இரவே புட்டும் சொதியும் போயிற்று. நிரோஷினி வேலைக்குப் போகிற நேரம் சாம்பவி இங்கே வந்து, சிவபாதத்தின் கதிரையில் ஏறியிருந்து கார்ட்டூன் பார்க்கத் தொடங்கினாள்.

ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் நிரோஷினி சொன்னாள்.

"அன்ரி, இந்தக் கை விழுந்து முறிஞ்சதில்லை. அவர் முறிச்சது."

அவர் என்பது ஜெயந்தன், அவள் புருஷன். மொன்றியலில் இருக்கிறான். கிட்ட வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது. ஆனால் கண்ட இடத்தில் முடிப்பேன் என்று அவன் ஆட்களுக்குச் சொல்லித் திரிந்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அன்ரி."

"முருகனாணை சொல்லமாட்டன், பிள்ளை."

சொல்லவும் இல்லை. தைப்பொங்கல் வரைக்கும் கட்டிக் காத்தாள். தவமணியோடு கதைக்கும்போதெல்லாம் அது தொண்டைவரை வந்து வந்து போகும். வேறு கதையைப் போட்டு மூடிவிடுவாள்.

பொங்கலுக்கு மறுநாள் தவமணியே அந்தக் கதையை எடுத்தாள்.

"அக்கா, மொன்றியலிலை ஜெயந்தன் எண்டு ஒரு பெடியன். அவன்ரை பெண்சாதி ஆரோ ஒருத்தனோடை ஓடிட்டாளாம். பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. எப்பிடிப்பட்ட பொம்பிளை பாருங்கோ!"

கமலாம்பிகைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தப் பிள்ளையின் மானத்துக்காகத்தான் சொல்கிறேன் என்றே அந்த நேரம் நினைத்தாள்.

"விசர்க்கதை கதையாதை, தவமணி. அவள் ஒருத்தனோடையும் ஓடேல்லை. தங்கமான பிள்ளை. எங்கடை மாடியிலைதான் இருக்கிறாள்."

மறுமுனையில் மூச்சு நின்றது.

"ஐயோ, உண்மையாவோ அக்கா?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முறிந்த கை, வேலை செய்கிற இடம், சனிக்கிழமைகளில் பஸ்ஸில் சாமான் வாங்கப் போவது, எல்லாம் வந்தன. "உன்னோடை இருக்கட்டும்" என்று முடித்தபோது அவளுக்குக் கன்னமெல்லாம் சூடேறியிருந்தது.

திரும்பினால் சிவபாதம் ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தார்.

"போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லும். அவள் வேறை இடம் பாக்கட்டும்."

இடியப்பத்தை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். கதவைத் திறந்த நிரோஷினி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "உங்களைக் கண்ட பிறகுதான் அன்ரி, நான் கதவுக்குக் கதிரை முட்டுக் குடுக்காமல் படுக்கிறன்" என்றாள். கமலாம்பிகை இடியப்பப் பெட்டியை மேசையில் வைத்தாள். சாம்பவியின் தலையைத் தடவினாள். திரும்பி வந்து, "அவள் வீட்டிலை இல்லை, நாளைக்குச் சொல்லுவம்" என்றாள். நாளைக்கும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், சாம்பவி அவளுடைய மேசையில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கீழே பொலிஸ் சைரன் கேட்டது. கமலாம்பிகை யன்னலடிக்கு ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில் மூன்று பொலிஸ் கார்கள், ஒரு அம்புலன்ஸ். என்னவாக இருக்கும், யாராக இருக்கும் என்று அந்தப் பழைய இனிப்பு நெஞ்சில் ஊறியது. போனை எடுத்துத் தவமணியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்ரெச்சரில் நிரோஷினியின் பச்சைக் குளிர் ஜக்கெற்றைக் கண்டாள்.

நிரோஷினி சாகவில்லை. கத்தியைக் கையால் பிடித்ததில் இரண்டு கையிலும் நரம்பு அறுந்துவிட்டது. கன்னத்திலிருந்து கழுத்துவரை தையல். ஜெயந்தனை அங்கேயே பிடித்துவிட்டார்கள். தாய் எழும்பும்வரைக்கும் என்று சாம்பவியை அரசாங்க ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். சிவபாதத்தின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் விடமாட்டேன் என்று அழுதாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சிவபாதம் காரை நிறுத்தினார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லும். நான் கீழை நிக்கிறன்."

நிரோஷினியின் கைகள் இரண்டும் வெள்ளைத் துணிப் பொதியாகத் தலையணைமேல் கிடந்தன. வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பேசினாள்.

"அம்மாதான் அன்ரி, காட்டிக் குடுத்தது."

"என்ன பிள்ளை?"

"யாழ்ப்பாணத்துக்கு ஒருக்காக் கதைக்கேக்கை, லோரன்ஸ் பக்கம் இருக்கிறன் எண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டன். வேறை ஆருக்குத் தெரியும்? உங்களுக்கும் அவவுக்கும்தான். அம்மாவுக்கு எப்பவும் மருமோன்தான் பெரிசு. தான் சொல்லேல்லையெண்டு அழுது அழுது சத்தியம் பண்ணுறா. பொய்."

கமலாம்பிகையின் வாய் திறந்தது.

"பிள்ளை..."

"என்ன அன்ரி?"

"தண்ணி குடிக்கிறியோ?"

கோப்பையின் உறிஞ்சுகுழாயை அவள் உதட்டில் வைத்தாள். நிரோஷினி இரண்டு மிடறு குடித்தாள். பக்கத்தில் கிடந்த போன் அப்போது நடுங்கியது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கியது.

"அதை ப்ளொக் பண்ணிவிடுங்கோ, அன்ரி. என்ரை கையாலை ஏலாது."

"பெத்த தாயெல்லே... யோசிச்சுச் செய்வம்."

"இனி எனக்கு நீங்கள்தான் அம்மா. பண்ணுங்கோ."

எங்கே தொடவேண்டும் என்று நிரோஷினி சொல்லிக்கொடுத்தாள். கமலாம்பிகை விரலை வைத்தாள். போன் அடங்கிவிட்டது.

கீழே வந்து காரில் ஏறியபோது பனி தூறிக்கொண்டிருந்தது. சிவபாதம் உடனே காரை எடுக்கவில்லை.

"சொன்னனீரோ?"

"சொல்லிட்டன்."

"என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அழுதவள்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹீற்றரின் காற்றை அவள் கைப்பக்கம் திருப்பிவிட்டு, காரை எடுத்தார்.