ரெண்டு கை உப்பு

மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார்கள் என்ற செய்தி மாஸ்டரம்மாவுக்குக் கிடைப்பதற்கு முன்பே மாடிப்படி முழுக்கப் பரவிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரிதான் சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. மகனுக்குப் போன் போட்டு விஷயத்தை ஊதியதே அவள்தான் என்று மேல்மாடிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அவளோ மேல்மாடியைக் கை காட்டுவாள். யார் செய்த புண்ணியமோ, விஷயம் போக வேண்டிய காதுக்குப் போய்விட்டது.

மாஸ்டர் என்றால் பிரம்பு பிடித்த மாஸ்டர் இல்லை. ஆலை கேன்டீனில் ஆயுசில் பாதியை அடுப்புக்குக் கொடுத்த சமையல் மாஸ்டர். அந்த கேன்டீன் அடுப்புகளில் எப்போதும் ஒரு குட்டிச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். குமிழைத் திருகினால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். வீட்டு அடுப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, லைட்டர் வேண்டும். இது மாஸ்டருக்குத் தெரியாதா என்றால், போன மழைக்காலம் வரை தெரிந்துதான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் குமிழைத் திருகிவிட்டு, சட்டியைக் கையில் பிடித்தபடி, அடுப்பு தானாகப் பற்றும் என்று பொறுமையாக நின்றிருக்கிறார். மாஸ்டரம்மா துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் வீடு முழுக்க கேஸ் நாற்றம். குமிழை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், வாயை இறுக்கித் தைத்துக்கொண்டாள். ஆனால் திறந்த ஜன்னல் தையல்காரியின் ஜன்னலுக்கு நேர் மேலே அல்லவா இருக்கிறது.

மகன் போனில் ரொம்பப் பதமாகத்தான் பேசினான். ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கிறதாம், மறதிக்காரர்களுக்கென்றே. நல்ல காற்றாம், நல்ல கவனிப்பாம். ஆனால் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். அப்பா அங்கே, அம்மா மகன் வீட்டு ஹாலில். உடனே ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றான். பெண் பார்க்க வருகிற மாதிரி, அப்பாவைப் பார்க்க வருகிறான். இத்தனை வருஷம் ஒரே கட்டிலின் இரண்டு ஓரங்களில் படுத்த மனுஷனும் மனுஷியும் இனி ஆளுக்கொரு ஊர் ஓரத்தில் படுப்பதா இல்லையா என்பதுதான் அன்றைய சாப்பாட்டில் தீர வேண்டிய கணக்கு.

மாஸ்டரம்மா லேசுப்பட்டவள் இல்லை. பால்காரன் தண்ணீர் கலந்ததைப் பால் பொங்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்தவள். ராத்திரியெல்லாம் யோசித்து, காளான் என்று முடிவு செய்தாள். மாஸ்டர் இரும்புச் சட்டியில் வதக்கும் காளானுக்குத் தொட்டுக்கொள்ளும் பதவிதான், ஆனால் அதற்காகவே சோறும் ரொட்டியும் இறங்கும். மகனுக்குச் சின்ன வயசிலிருந்து உயிர். சாமான் குறைவு, சட்டி ஒன்று, வேலை முழுக்கக் கைக்குத்தான்; தலைக்கு அதிகம் இல்லை. தலை மறந்தாலும் கை மறக்காது என்று கணக்குப் போட்டாள்.

அவர்கள் வருவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துச் சிறு தீயில் விட்டுவிட்டாள். சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பூண்டும் கத்தியும் கிண்ணமுமாக உட்கார்ந்தாள். கத்தியால் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டினால் கிளற வேண்டும், இரண்டு தட்டினால் அடுத்த சாமான். மாஸ்டரிடம் இதை விளக்கியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பழைய மாஸ்டராக இருந்தால் கிண்ணம் பறந்திருக்கும்.

மகன் வந்து ஹாலில் இடம் பார்த்து உட்கார்ந்தான். அங்கிருந்து அடுப்பு பாதி தெரியும். மருமகள் நல்ல பெண்தான், யாரும் குறை சொல்ல முடியாது. குறை தேடிக் களைத்தவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவள் பழம் வாங்கி வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்குகிற மாதிரி ஆப்பிளும் சாத்துக்குடியும்.

உள்ளே மாஸ்டர் காளானை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். தண்ணீரில் போட்டுக் கழுவுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. கனமான துண்டுகளாக அரிந்தார். சட்டியைக் காயவைத்தார், எண்ணெய் விடாமல். உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காளான் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே கொதித்து, தண்ணீர் வற்றி, சட்டியின் சத்தம் சளசளவிலிருந்து சடசடவுக்கு மாறும் வரை தொடக் கூடாது. மாஸ்டரம்மா பதற்றத்தில் முன்கூட்டியே ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் மாறிய பிறகுதான் திருப்பிப் போட்டார். பொன்னும் இல்லை, கருப்பும் இல்லை, அந்த நிறம். வெண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகு. ஹாலில் மகன் மூக்கை உறிஞ்சிய சத்தம் அவள் காதில் விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே, மகன் வீட்டு ஹாலில் தான் படுக்கவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மிச்சம் உப்பு மட்டும். அங்கேதான் மாஸ்டரின் பிடிவாதம் ஒன்று இருக்கிறது. தான் உப்புப் போடுவதை ஒரு உயிர் பார்க்கக் கூடாது. கேன்டீனில் எடுபிடிகளையெல்லாம் வெளியே துரத்திவிட்டுத்தான் உப்பில் கை வைப்பார். உப்பு சமையல்காரனுக்கும் சட்டிக்கும் உள்ள பேச்சு, மூன்றாம் ஆளுக்கு அங்கே வேலை இல்லை என்பார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் உப்புப் போட்டு மாஸ்டரம்மா பார்த்ததில்லை. இப்போதும் முகவாயால் வெளியே போ என்று காட்டினார். போனாள். ஆனால் கொஞ்ச நாளாகவே, இப்படி அவளை வெளியே அனுப்பிவிட்டு உப்பை மறந்துவிடுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. திரும்பி வரும்போது அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். மகன் தண்ணீர் கேட்டபடி எழுந்து வருகிற சத்தம். ருசி பார்க்க நேரம் இல்லை. ஒரு கை அள்ளினாள், தூவினாள், புரட்டினாள், முக்காலிக்கு வந்துவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மகன் ஒரு வாய் வைத்தான். தாடை ஒரு நொடி நின்று, பிறகு மென்றது. பிரமாதம் என்றான். பிறந்ததிலிருந்து தட்டில் ஒரு நொட்டை சொல்லாமல் எழுந்தறியாத பிள்ளை அவன். மருமகளும் ஆமாம் என்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். மாஸ்டரம்மா எடுத்து வாயில் வைத்தாள். கடலை அள்ளிக் குடித்த மாதிரி இருந்தது.

மாஸ்டர் நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரெண்டு கை விழுந்திருக்கு. என் கை ஒண்ணு. இன்னொண்ணு யாரோடது?"

அந்தக் குரலில் பழைய கேன்டீன் இருந்தது. மகன் நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு நொடியில் மாஸ்டரம்மா என்னதான் நினைத்தாள் என்பதை அவளே பிற்பாடு பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறாள். நான்தான் என்று சொன்னால், ஏன் போட்டாய் என்பான். தினமும் இப்படித்தான் பின்னாலேயே நின்று பார்த்துக்கொள்கிறாயா என்பான். கிண்ணம் தட்டியது, அடுப்பு பற்றவைத்தது எல்லாம் வெளியே வரும். மொத்தமும் உடைவதைவிட உப்பு கூடிப்போனது சின்னக் குற்றம் என்று பட்டது.

"நீங்கதான் ரெண்டு தரம் போட்டிருப்பீங்க," என்றாள் சிரித்துக்கொண்டே. "உப்பு கூடினா என்ன, வீடா எரிஞ்சிடப் போகுது?"

வாய் தவறி வந்த அந்த வார்த்தையை மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மாஸ்டர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஏதோ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல.

"ஒரு தரம் போட்ட மாதிரிதான் இருந்துச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "போட்டிருப்பேன்."

அவர்தான் மறுபடியும் பேசினார், மகனைப் பார்த்து.

"அந்த எடத்துல சமையல்கட்டுக்குள்ள விடுவாங்களா?"

எந்த இடம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறந்து போகிறவருக்குக் காது கேட்காது என்று எல்லோருமே நினைத்துவிட்டார்கள்.

"விட மாட்டாங்கப்பா," என்றான் மகன், தட்டைப் பார்த்தபடி.

"அதான் சரி. எப்பப் போகணும்?"

அப்போதுதான் மாஸ்டரம்மாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. நான்தான் போட்டேன் என்றாள். கை கழுவப் போனாரே, அப்போது போட்டேன், அவர் போட்டது எனக்குத் தெரியாது, அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, காளானை அவர்தான் முழுக்கச் செய்தார், நான் தட்டியதைக்கூட அவர் மதிக்கவில்லை என்று மூச்சு விடாமல் கொட்டினாள். கேட்கக் கேட்க மகனின் முகத்தில் கோபம் ஏறவில்லை. இரக்கம்தான் ஏறியது. கோபமாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

"போதும்மா," என்றான். "எத்தனை நாள்தான் இப்படி மறைச்சுகிட்டே இருப்ப?"

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். இதுவரை அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியதில்லை, அன்று தோன்றியது.

மாஸ்டரம்மா புருஷனிடம் திரும்பினாள். "நீங்களாவது நம்புங்க. என் கைதாங்க அது."

"எனக்காகப் பொய் சொல்லாத," என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "உப்பு தப்பினவன் கரண்டியக் கீழ வைக்கணும். நானே எத்தனை பேரை வெளிய அனுப்பியிருக்கேன்."

அந்த வாரமே போய்விட்டார். படியிறங்கும்போது ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. துடைப்பம் பிடித்தபடி சிலர், சும்மாவே சிலர். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், இரண்டு பேருக்கு இரண்டு முறை.

மாஸ்டரம்மா மகன் வீட்டுக்குப் போவதற்கு முன் சாமான்களைக் கொடுக்க ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் ஒரே கதைதான். காளான், குழாயடி, தான் போட்ட ஒரு கை உப்பு. மேல்மாடியில் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள். தையல்காரி வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். தையல்காரி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அவள் வாசல் தாண்டும்வரை காத்திருந்து, எதிர் வாசலில் நின்றவளிடம் சொன்னாள்.

"பாவம். இன்னமும் அந்த மனுஷனைக் காப்பாத்தத்தான் பாக்குறா."