புரட்டாசியில் சுவரொட்டி

ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் வந்துவிடும். பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, எள் சூடு, ஒட்டு வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் தன் மருமகள் ஜாஸ்மினுக்கு இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தவள் ராஜாமணிதான். ஜாஸ்மினும் சிரித்துக்கொண்டே “சரிங்கத்தை” என்பாள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை ஒன்றையும் ராஜாமணியே போட்டு வைத்திருந்தாள். போன வருஷம் ஜாஸ்மினுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று கரட்டடிப் பெருமாளை வேண்டிக்கொண்டாள். “அடுத்தது தங்கட்டும் சாமி. அடுத்த வருசப் புரட்டாசி முச்சூடும் எங்க வூட்டுல ஒருத்தர் வாயிலயும் கவிச்சி படாது. வயித்துல தங்கற புள்ளைக்கும் சேத்துத்தான் சொல்றன்.” மற்ற வருஷங்களில் சனிக்கிழமை மட்டும்தான் விரதம். துக்கத்தில் வாய் சற்று நீண்டுவிட்டது.

அடுத்த பிள்ளை தங்கியது. ஆறாம் மாதம் நடக்கும்போது புரட்டாசியும் பிறந்தது. பிறந்த வாரமே பரிசோதனைக்குப் போன இடத்தில், ரத்தம் ரொம்பக் குறைவு என்று டாக்டரம்மா முகத்தைச் சுளித்தாள். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஜாஸ்மினுக்கு வயிற்றில் நிற்பதே இல்லை.

“தினம் முட்டை குடுங்கம்மா. ஈரல், சுவரொட்டி எது கெடைச்சாலும் ஆக்கிப் போடுங்க. இந்த ரத்தத்தோட பிரசவத்துக்குப் போனா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து.”

ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியைப் போல ரத்தம் ஊற வைப்பது வேறெதுவும் இல்லை என்று ராஜாமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிள்ளை பெற்றபோது தின்றதுதான். நேர்ந்துகொண்ட வாயும் அவளுடையது, ஆக்கிப் போட வேண்டிய கையும் அவளுடையது. எதைக் கோபித்துக்கொள்வது?

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டாள். “வூட்டுக்குள்ள வேணாங் கண்ணு. மாட்டுக் கொட்டாயில மூணு கல்லு வெச்சுத் தனிச் சட்டியில ஆக்கித் தர்றன். நாங்க விரதமா இருந்துக்கறோம். நீ சாப்புடு.”

“வேணாங்கத்தை.”

முட்டை கூட வேண்டாம் என்றாள். புருஷன் அறிவழகன் ஆம்லெட் கட்டி வாங்கிவந்து கொடுத்ததை நாய்க்குப் போட்டுவிட்டாள். ராஜாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. மொரப்பூர்ப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பெற்ற மகளாக இருந்தால்கூட மாமியாரின் பெருமாளுக்கு இவ்வளவு பயப்படுவாளா?

ஒருநாள் காலையில் குழாயடியில் ஜாஸ்மின் மாத்திரையை வாந்தியெடுத்தாள். தினமும் அதே இடம்தான், சிவப்பு அரளிச் செடி ஓரம். ராஜாமணி முதுகை நீவிவிட்டாள். வாய் கொப்பளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

“போன புரட்டாசியில ஒரு சனிக்கெழம ஆபீஸ்ல பிரியாணி வாங்குனாங்கத்தை. நீங்கல்லாம் வூட்டுல ஒருசந்தி விரதம் இருந்தீங்க. நான் சாப்ட்டுட்டன். அடுத்த வாரந்தான் அது கலைஞ்சு...”

ராஜாமணியும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக இந்தப் பெண் இதையா சுமந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, “சரிங்கத்தை” சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

“அட பைத்தியமே, ஒரு வாய் பிரியாணிக்குப் புள்ளைய எடுத்துக்கற சாமிக்கா நான் இத்தன வருசம் நாமம் போட்டன்?”

ஜாஸ்மின் தலையை ஆட்டினாள். ஆனால் மத்தியானம் வைத்த முட்டை தட்டிலேயே கிடந்தது. பயத்துக்குக் காது கிடையாது.

மொரப்பூருக்குப் போன் போட்டாள் ராஜாமணி. சம்பந்தியம்மாள் தங்கம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “எங்க தவக்காலத்துலயே புள்ளத்தாச்சிக்கு ஒருசந்தியும் இல்ல, கவிச்சி வுடற சுத்தபோசனமும் இல்லீங்க. ஃபாதரே சொல்லுவாரு, சாப்புடும்மான்னு. இவளுக்கு என்னா வந்துச்சு?”

“எங்களுதுல அப்புடிச் சொல்ல ஃபாதர் இல்லீங்களே,” என்றாள் ராஜாமணி. “நேரா சாமியத்தான் கேக்கணும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கேட்டால்தான் என்ன? ஊரில் கல்யாணம், கிணறு என்று எல்லாவற்றுக்கும் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது.

“வெள்ளை வந்தா சாப்புடறங்கத்தை,” என்றாள் ஜாஸ்மின்.

புதன்கிழமை விடிந்ததும் ராஜாமணி குளித்து நாமம் போட்டுக்கொண்டு பூப்பறிக்கப் போனாள். கிணற்றோரம் வெள்ளை அரளியில் ஒரு பூ பறித்து இலையில் மடித்து நூல் சுற்றினாள். பிறகு குழாயடிக்கு வந்தாள். சிவப்பு அரளியில் இரண்டே இரண்டு பூ பூத்திருந்தது. கையை நீட்டினாள். சிவப்பு வந்துவிட்டால்? அதன்பிறகு இவளை யாரால் சாப்பிட வைக்க முடியும்? நீட்டிய கை நீட்டியபடி நின்றது. திரும்பிக் கிணற்றடிக்கே போனாள். கால் தானாகப் போனது என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலாவது தானாகப் போவதாவது!

கோயிலில் பூசாரி தாசர் இரண்டு பொட்டணத்தையும் குலுக்கிப் பெருமாள் காலடியில் போட்டார். ஜாஸ்மின் பழக்க தோஷத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. “கோவிந்தா!” என்றார் தாசர். ராஜாமணியும் “கோவிந்தா” என்றாள். மற்ற பொட்டணத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

நேரே கறிக்கடைக்குப் போனாள். புரட்டாசியில் ஈயோட்டிக்கொண்டிருந்த கடைக்காரன் அன்பு அவள் நெற்றியைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“என்னாக்கா, பட்டை நாமத்தோட வந்து சுவரொட்டி கேக்கறீங்க?”

“பெருமாளுக்கே தெரியும், நீ வெட்டுடா.”

அன்று கொட்டாயில் மிளகு தட்டிப் போட்டு வதக்கியதை ஜாஸ்மின் ஒரு துண்டு விடாமல் தின்றாள். மறுநாளும் தின்றாள். பார்க்கப் பார்க்க ராஜாமணிக்கு வயிறு நிறைந்தது. ஆனாலும் வேண்டுதலை மீறியதற்காவது காரணம் சொல்லலாம், சாமியையே ஏமாற்றியதற்கு என்ன சொல்வது? ஒருநாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று ஜாஸ்மின் சொன்னபோது ராஜாமணிக்கு உயிரே போய்விட்டது. மத்தியானம் அது ஓர் உதை விட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

புரட்டாசிக் கடைசி வாரம் பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. “இப்படியே சாப்புடட்டும்,” என்றாள் டாக்டரம்மா. அந்தச் சனிக்கிழமை கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ராஜாமணி பெருமாள் முன்னால் போய் நின்றாள். மடியிலிருந்து காய்ந்துபோன பொட்டணத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

“இதுவும் வெள்ளதான் சாமி. பொய் என்னுது. எந்தத் தண்டனையா இருந்தாலும் என்னையப் பண்ணிக்கோ. தாயையும் புள்ளையையும் தொட்றாத.”

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தூணோரம் ஜாஸ்மின் நின்றிருந்தாள். ராஜாமணி சட்டென்று பூவை உள்ளங்கையால் மறைத்தாள். போச்சு, இனி இவள் சாப்பிட மாட்டாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியுங்கத்தை,” என்றாள் ஜாஸ்மின். “காலையில வாந்தியெடுக்கறது அந்தச் செவப்பு அரளிக்கிட்டத்தான? ரெண்டு பூ இருந்துச்சு. கோயிலுக்குக் கெளம்பறப்பவும் ரெண்டும் அப்படியே இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா சாப்ட்ட?”

“பூவுக்காவ சாப்புடலீங்க. நீங்க இவ்ளோ பயப்படற சாமிகிட்டயே எனக்காவப் பொய் சொன்னீங்களே, அதுக்காவ சாப்ட்டன்.”

ராஜாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாஸ்மின் அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை புரண்டது.

“நாளைக்கு மொளகு கொஞ்சம் கம்மியாப் போடுங்கத்தை,” என்றாள். “நெஞ்சு எரியுது.”