மினேகோ வீட்டுக் கீரை

வெந்த இலைத்துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் கியோனோ பரப்பினாள். சுகாதார ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வருஷமாக இதே வேலைதான். ஆனால் தன் புருஷன் பறித்த கீரையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் நாளும் வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பாளா?

பனி உருகியதும் ஓடைக்கரையில் நிரின்சோ தழைக்கும். அதன் நடுவிலேயே தொரிகாபுதோவும் தழைக்கும். இரண்டும் ஒரே குடும்பம். இலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிரின்சோ கீரை, மற்றது ஆளைக் கொல்லும் விஷம். அதனால்தான் நிரின்சோவின் வெள்ளைப் பூ விரிந்த பிறகே பறிப்பார்கள். அந்த வருஷத்து முதல் பறிப்பு முழுக்க அக்கம்பக்கத்துக்குத்தான், தன் வீட்டு அடுப்பில் ஏற்றமாட்டார்கள். அவள் புருஷன் கென்சாகுவும் காலையில் மூன்று வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தான். மத்தியானம் அதைச் சமைத்துச் சாப்பிட்ட அடுத்த வீட்டு மினேகோ வாய் மரத்துப்போய் விழுந்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் நல்லவேளையாக இன்னும் சமைக்கவில்லை. கியோனோ அலறியடித்துப் போன் பண்ணி அந்தக் கட்டுகளைப் பிடுங்காத குறையாக வரவழைத்துவிட்டாள். அவை பிரிக்காத பைகளில் மேசைமேல் கிடந்தன. தகட்டில் இருந்தது மினேகோவின் சட்டியில் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கென்சாகு கூப்பிட்டான்.

"பாத்துட்டியா?"

"இப்பத்தான் வச்சிருக்கேன். மினேகோ-சான் எப்படி இருக்காங்க?"

"நாடி தாறுமாறா ஓடுதாம். கியோனோ, பூ இருந்துச்சு. சத்தியமா பூவைப் பாத்துத்தான் பறிச்சேன்."

"பூவைப் பாத்தீங்க, சரி. பூவோட சேத்துக் கை எதை அள்ளுச்சுன்னு பாத்தீங்களா?"

 இந்த நாக்கில் கொள்ளி வைக்க என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் போனை வைத்தாள்.

முதல் இரண்டு துணுக்குகளில் நீண்ட, நேரான ரோமங்கள் தெரிந்தன. நிரின்சோவேதான். போன உயிர் திரும்பி வந்தது. தொரிகாபுதோவில் அப்படி ரோமம் இராது. மூன்றாவது துணுக்கு மொட்டையாக இருந்தது. வேகும்போது உதிர்ந்திருக்கும், வேறென்ன, என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

மரபணுவைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, ஊர்க் கோயில் சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கெஞ்சினாள். வந்த படத்தில் தொரிகாபுதோவுக்கு உரிய இடத்தில் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. எங்கோ கை தவறியிருக்கும் என்று முதலிலிருந்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதே கோடு. "அடப்பாவி மனுஷா!" என்று மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மினேகோவின் முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் மினேகோவின் புருஷன் தோகுஜியும் கென்சாகுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கென்சாகுவுக்கு ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

கியோனோ மன்னிப்புக் கேட்டு இடுப்பை வளைத்துக் குனிந்தாள். நிமிரவில்லை.

"கலந்திருந்துச்சு, தோகுஜி-சான். ஒரு துணுக்குல இருந்துச்சு."

கென்சாகு தரையில் சரிந்தான். தோகுஜி அவன் தோளைப் பிடித்துத் தூக்கி மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தான்.

"அந்தச் சட்டியில இவன் கீரை மட்டும் இல்ல. காலையில நானும் ஓடைக்குப் போனேன். ஒரு பிடி பறிச்சுட்டு வந்து போட்டேன்."

கென்சாகு நிமிர்ந்து பார்த்தான். கியோனோவும் பார்த்தாள். அது என்ன இலை என்று இயந்திரம் சொல்லும். யார் கை பறித்தது என்று சொல்லாது.

"நிஜமாவா, தோகுஜி-சான்?" என்று கியோனோ கேட்டாள்.

தோகுஜி கென்சாகுவின் தோளிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்.

"மத்த ரெண்டு வீட்டுக் கட்டையும் பாக்கணுமா?"

"பாத்தே ஆகணும். நாளைக்குக் காலையில. அதுலயும் கலந்திருந்தா தெரிஞ்சுடும்."

"அப்ப இன்னிக்கு ஒரு ராத்திரி அதைப் பறிச்சது என் கையாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றான் தோகுஜி. "இவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. தனியா விட்டுடாதே."